ரன் என்றால் ஓடுவது மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை தல்லாகுளத்தில் மாலை ஆறு மணிக்கு ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். மாடியில் ஒரு அறை, பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ்கள், ஜவுளிக்கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிற தம்பிகள், பேரன் பேத்திகளோடு பேச ஆசைப்படுகிற அம்மாக்களும் உண்டு. இத்தனை பேரையும் ஒரே மாதிரி குழப்புகிற சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ரன். ஆங்கிலத்தில் மூன்றெழுத்து, தமிழில் எழுதினால் இரண்டே எழுத்து. வகுப்பில் அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ரன்னுக்கு மொத்தம் எத்தனை அர்த்தம்?

வினைச்சொல்லாக மட்டும் 645. நான் எண்ணியதில்லை, ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காரர்களின் கணக்கு. அந்த அகராதி 1884இல் பகுதி பகுதியாக வெளிவர ஆரம்பித்து 1928இல்தான் முழுசாக முடிந்தது. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் செட் என்ற சொல்லுக்கு, 430 அர்த்தங்கள். அடுத்த பதிப்புக்காக ஒவ்வொரு சொல்லையும் மறுபடி அலசியபோது ரன் அதைத் தாண்டிப் போய்விட்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார்.

இப்படிப் பெருகியதற்கு இயந்திரங்களும் ஒரு காரணம். ரயில் வந்தது, மோட்டார் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் ஆங்கிலேயர்கள் புதுச்சொல் தேடாமல் ரன்னையே அதன் தலையில் கட்டினார்கள்.

அவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா டீச்சர்?

வேண்டாம். ஆங்கிலேயர்களே செய்வதில்லை. உங்களிடம் ஏற்கெனவே ஒரு சாவி இருக்கிறது, அதை யாரும் எடுத்துக் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஓடு என்ற தமிழ்ச்சொல்தான் அந்தச் சாவி. (கூரையில் போடுகிற ஓடு வேறு, அதை விடுங்கள்.)

மாட்டுத்தாவணியில் நின்று, "அண்ணே, மேலூருக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மேல பஸ் ஓடுமா?" என்று கேட்கிறோம். கால் இல்லாத பஸ் எப்படி ஓடும் என்று கண்டக்டர் திருப்பிக் கேட்பதில்லை. கடிகாரம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, காலம் ஓடுகிறது, மனசுக்குள் என்னென்னமோ ஓடுகிறது, தியேட்டரில் படம் ஓடுகிறது. இந்த எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு ரன் போடலாம். த பஸ் ரன்ஸ், த மோட்டார் இஸ் ரன்னிங், த ஃபிலிம் ரேன் ஃபார் எ இயர். படம் ஓடுவதைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1937இல் வந்த சிந்தாமணி ஒரே தியேட்டரில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடி, அந்த லாபத்தில் இங்கே சிந்தாமணி என்ற பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டிய ஊர் இது. இன்றைக்கு ஒரு வாரம் ஓடினால் பேனர் கட்டிவிடுகிறார்கள், அது வேறு கதை.

ஆகவே நான் சொல்கிற முறை இதுதான். ரன் வருகிற வாக்கியத்தைப் பார்த்ததும் முதலில் ஓடு என்று போட்டுப் பாருங்கள். பாதி இடங்களில் பொருந்திவிடும். பொருந்தாத இடத்தில் தமிழ் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அங்கேதான் படிக்க வேண்டிய விஷயமே இருக்கிறது.

"ஹி ரன்ஸ் எ ஹோட்டல்" என்றால் ஹோட்டலை ஓட்டுகிறாரா?

ஹோட்டல் நடத்துகிறார். பொருந்தாத இடங்களில் இதுதான் பெரியது.

ஆங்கிலம் ஓடுகிற பல இடங்களில் தமிழ் நடக்கிறது. ஸ்கூல் நடத்துகிறோம், கடை நடத்துகிறோம், வகுப்பு நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம். ஆங்கிலத்தில் இவை எல்லாமே ரன்தான். நடத்து என்றால் நடக்க வைப்பது. ஒரு காரியத்தைக் கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி நமக்குத் தோன்றியிருக்கிறது. அவர்களுக்கு அது ஓட்டம்.

இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. தமிழில் தானாக நடப்பதற்கும் இன்னொருவர் செய்விப்பதற்கும் வேறு வேறு சொல். ஓடு, ஓட்டு. நட, நடத்து. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அதே ரன்தான். த ஷாப் ரன்ஸ் வெல், ஷி ரன்ஸ் த ஷாப். சொல் மாறவில்லை, கடை இருக்கிற இடம்தான் மாறியிருக்கிறது. முதல் வாக்கியத்தில் கடை ரன்னுக்கு முன்னால், இரண்டாவதில் பின்னால். பின்னால் கடை, ஹோட்டல் மாதிரி ஒரு பொருளின் பெயர் வந்தால் நடத்து அல்லது ஓட்டு, வராவிட்டால் ஓடு. இந்த ஒரு கணக்கை வைத்தே என் மாணவர்கள் நிறைய வாக்கியங்களைத் தாண்டிவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவர் முதல் நாள் தன்னை அறிமுகப்படுத்தும்போது, "ஐ ரன் ஆன் ஆட்டோ" என்றார். தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்பவர்கள் அவரை முதலாளி என்று நினைத்துக்கொள்வார்கள். ஸ்டியரிங் பிடிப்பது டிரைவ். நாலு ஆட்டோவை வாடகைக்கு விட்டுத் தொழில் செய்வதுதான் ரன். "அப்ப எங்க ஓனர்தான் ரன், நான் டிரைவா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, ரெண்டு வருஷத்துல ரன் ஆயிர்றேன்" என்று உட்கார்ந்தார்.

சுங்குடி சேலையைக் காட்டி "வில் இட் ரன்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கோயிலைச் சுற்றியுள்ள ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்ப்பவர். வெளிநாட்டம்மா ஒருவர் அரக்குச் சிவப்பில் ஒரு சுங்குடியை விரித்துத் தடவிப் பார்த்துவிட்டு, "வில் இட் ரன்?" என்றாராம். இவருக்கு ஒன்றும் ஓடவில்லை. (பாருங்கள், மூளையும் நமக்கு ஓடத்தான் செய்கிறது.) சேலை எப்படி ஓடும்? இந்த மாடல் நன்றாக ஓடுகிறதா, வியாபாரம் ஆகிறதா என்று கேட்கிறார் என்று முடிவு பண்ணி, பெருமையாக, "எஸ் மேடம், வெரி ஃபாஸ்ட் ரன்னிங்!" என்றார். அந்தம்மா சேலையை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் கேட்டது சாயம் போகுமா என்று. துவைத்தால் ஒரு நிறம் கரைந்து பக்கத்து நிறத்தில் இறங்குவதற்கும் ரன் என்றுதான் பெயர். த கலர்ஸ் ரன். தமிழில் சாயம் போகிறது அல்லது இறங்குகிறது, ஓடுவதில்லை. சுங்குடிக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். துணியைப் புள்ளி புள்ளியாக நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுக்கிற வேலை அது. முடிச்சு அவிழ்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கிற புள்ளிதான் அழகே. சாயம் இறங்கினால் புள்ளி போச்சு. 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு வேறு.

அவர் சொல்லியிருக்க வேண்டிய பதில்: "நோ மேடம், இட் வோன்ட் ரன். ஃபாஸ்ட் கலர்." இதைப் பலகையில் எழுதியதும் வகுப்பே கத்தியது. ஃபாஸ்ட் என்றால் வேகம், ரன் என்றால் ஓட்டம், ஃபாஸ்ட் கலர் ஓடாதா? ஓடாது. ஃபாஸ்ட் என்ற சொல்லின் பழைய அர்த்தமே இறுக்கமாக, அசையாமல் என்பதுதான். விமானத்தில் பெல்ட்டை ஃபாஸன் பண்ணச் சொல்கிறார்களே, அதே சொந்தம். ஃபாஸ்ட் அஸ்லீப் என்பவன் வேகமாகத் தூங்குபவன் இல்லை, அசையாமல் தூங்குபவன். வேகம் என்ற அர்த்தம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் கடைக்காரர் இப்போது யாராவது சேலையை எடுத்த உடனே, கேட்பதற்கு முன்பாகவே "வோன்ட் ரன், வோன்ட் ரன்" என்று சொல்லிவிடுகிறாராம்.

மூக்கு, வயிறு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ரன் வருகிறதே?

ரன்னின் பழைய ஆங்கில வடிவம் ரின்னன். அதற்கு ஓடுவது, ஒழுகுவது இரண்டும் அர்த்தம். அதனால் தண்ணீர் சம்பந்தப்பட்ட எதற்கும் ரன் வரும். குழாயைத் திறந்து விட்டால் ரன்னிங் வாட்டர். மூக்கு ஒழுகினால் மை நோஸ் இஸ் ரன்னிங். கண்ணீர் வழிந்தாலும், ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை இறங்கினாலும் ரன். தமிழ் இங்கே தாராளம்: ஒழுகுகிறது, வழிகிறது, கசிகிறது, பாய்கிறது, சொட்டுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறோம்.

வயிற்று விஷயத்தில் ஜாக்கிரதை. வகுப்புக்கு வரும் நர்ஸ் ஒருவர் சொன்னது. அமெரிக்காவில் பிறந்த ஒரு பையன், லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வந்தவன், காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்து, "ஐ ஹேவ் த ரன்ஸ்" என்றிருக்கிறான். கிரிக்கெட் விளையாடி அடிபட்டு வந்திருக்கிறான் என்று இவர் நினைத்து, "வெரி குட், ஹவ் மெனி?" என்று கேட்டார். அவன் பரிதாபமாக, "சிக்ஸ், சின்ஸ் மார்னிங்" என்றான். டாக்டர் வந்த பிறகுதான் தெரிந்தது, அது வயிற்றுப்போக்கு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை, இலங்கைத் தமிழில் வயிற்றோட்டம் என்றேதான் சொல்கிறார்கள்.

காய்ச்சலுக்கு ஷி இஸ் ரன்னிங் எ ஃபீவர். நமக்குக் காய்ச்சல் ஓடாது, அடிக்கும். சுகர் குடும்பத்தில் வழிவழியாக இருந்தால் இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி. "எங்க வீட்ல எல்லாருக்குமே உண்டு" என்று நாம் சொல்வது அதுதான்.

தேர்தலில் ஓடுவார்களா?

அமெரிக்காவில் ஓடுவார்கள், இங்கிலாந்தில் நிற்பார்கள். ரன் ஃபார் பிரெசிடென்ட் என்பது அமெரிக்க வழக்கு, ஸ்டேண்ட் ஃபார் எலெக்ஷன் என்பது பிரிட்டிஷ் வழக்கு. தமிழில் நாமும் நிற்கிறோம்: "உங்க வார்டுல யாரு நிக்கிறா?" அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளரை ரன்னிங் மேட் என்பார்கள். குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல் அது, கூட ஓடுகிற குதிரை. நம் ஊர் வேட்பாளர்கள் நிற்கிறார்களா ஓடுகிறார்களா என்பதை ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

ரன் அவுட், ரன் இன்டு, ரன் ஓவர், ரன் டவுன்... இந்த வால்களை எப்படிச் சமாளிப்பது?

இங்கே ஓடு உதவாது, நேராகவே சொல்லிவிடுகிறேன். ரன்னுக்குப் பின்னால் ஒட்டுகிற குட்டிச் சொல்தான் அர்த்தத்தைத் தீர்மானிக்கிறது. தமிழிலும் அப்படித்தான். போடு என்ற சொல்லுக்கு முன்னால் சண்டை, கோலம், டீ, ஊசி, தூக்கம் என்று எது வருகிறதோ அதுதான் எல்லாம். ஆங்கிலத்தில் அது பின்னால் வருகிறது.

முதலில் ரன் ஓவர். உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு நாள் வகுப்புக்குள் நுழைந்ததும், "டீச்சர், ஐ ரேன் ஓவர் யுவர் ஹஸ்பண்ட் நியர் கோரிப்பாளையம்" என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் சொல்ல வந்தது ரன் இன்டு: வழியில் என் வீட்டுக்காரரைத் தற்செயலாகப் பார்த்தாராம். ரன் ஓவர் என்றால் வண்டியை மேலே ஏற்றிவிட்டார் என்று அர்த்தம். ரன் இன்டுவிலும் ஆள் இருந்தால்தான் சந்திப்பு. ரன் இன்டு எ வால் என்றால் சுவரில் போய் மோதியது. காசு வந்தால் இன்னொன்று: இட் ரன்ஸ் இன்டு லேக்ஸ், லட்சக்கணக்கில் ஆகும்.

ரன் அவுட் என்றால் கிரிக்கெட்டில் எல்லாருக்கும் தெரியும். சமையலறையில் அது தீர்ந்துபோவது. வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க், பால் தீர்ந்துபோச்சு. நம்மூரில் "மில்க் இஸ் ஓவர்" என்கிறோம். இங்கே எல்லாருக்கும் புரியும், வெளியூர்க்காரர் கொஞ்சம் முழிப்பார். பத்தாக்குறை வரும் என்ற நிலைமைக்கு ரன்னிங் ஷார்ட். முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ மதியத்துக்குள் ரன் ஷார்ட் ஆகும், சாயங்காலம் ரன் அவுட் ஆகிவிடும்.

ரன் டவுன் கொஞ்சம் மோசமான ஆள். வண்டி மோதித் தள்ளினாலும் ரன் டவுன், ஒருவரைப் பற்றி மட்டமாகப் பேசினாலும் ரன் டவுன், பேட்டரி இறங்கினாலும் ரன் டவுன், பராமரிப்பு இல்லாமல் பாழடைந்த வீடும் ரன் டவுன். எதுவானாலும் கீழே போகிறது என்று ஞாபகம் வைத்தால் போதும்.

எனக்குப் பிடித்தது ரன் பை. "ரன் இட் பை த மேனேஜர்" என்று ஆபீஸில் சொன்னால் என்ன செய்ய வேண்டும்? "மேனேஜர் காதுல ஒரு வார்த்தை போட்டு வச்சுரு." நூறு சதவீதம் அதேதான். அனுமதி கேட்பது என்று மட்டும் மொழிபெயர்க்காதீர்கள், அது கனமாகிவிடும்.

கிரிக்கெட் ரன்?

22 கஜ நீளத் தரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினால் ஒன்று. பவுண்டரி போனால் ஓடாமலே நான்கு கிடைக்கும், அதற்கும் ரன் என்றே பெயர். தமிழ் வர்ணனையில் ஓட்டம் என்பார்கள். மற்றபடி இதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பேப்பரில் வரும் "புல் ரன்", "பேங்க் ரன்" என்ன?

அலங்காநல்லூர்க்காரர் ஒருவர் கேட்டது. பங்குச்சந்தையில் புல் ரன் என்ற தலைப்பைப் பார்த்து, மும்பையிலும் மாடு விடுகிறார்களா என்று நினைத்தாராம். அவர் ஊர் வாடிவாசல் அப்படி நினைக்க வைக்கிறது. விலைகள் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகிற காலத்துக்குப் பெயர் புல் ரன். காளை கொம்பை மேலே தூக்கி முட்டும் இல்லையா, அந்தத் திசையாக நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே ரன் என்றால் விடாமல் தொடர்கிற ஒரு போக்கு.

பேங்க் ரன் பயங்கரமானது. பேங்க் ஆட்டம் கண்டுவிட்டது என்று செய்தி பரவி, போட்ட பணத்தை எடுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுவது. எந்த பேங்க்கும் மொத்தப் பணத்தையும் பெட்டியில் வைத்திருப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் வெளியே விட்டிருக்கும். அதனால் நல்ல பேங்க்கையும் இந்த ஓட்டம் சாய்த்துவிடக்கூடும். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க்கில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வாடிக்கையாளர்கள் எடுக்க முயன்றார்கள். மறுநாள் பேங்க்கை மூடினார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட மாட்டார்கள், செல்போனிலேயே ஓடினார்கள். பேங்க் பரீட்சை எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மரபுத்தொடர்களில் எவை அவசியம் தெரிந்திருக்க வேண்டும்?

எல்லாம் அவசியமில்லை. கதை இருப்பவற்றைச் சொல்கிறேன், கதை இருந்தால் மறக்காது.

ரன் ஆஃப் த மில்: சாதாரணமான, விசேஷம் ஒன்றுமில்லாத. மில்லிலிருந்து வெளிவந்ததை நல்லது கெட்டது என்று தரம் பிரிக்காமல் அப்படியே அனுப்புகிற சரக்கு என்பதுதான் மூலம். மில் சங்கை வைத்து மணி பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

ரன் அமோக்: வெறிபிடித்தாற்போல் அலைந்து கண்ணில் பட்டதை நாசம் செய்வது. அமோக் ஆங்கிலமே இல்லை, மலாய்ச் சொல். ரன் த கான்ட்லெட்: நாலா பக்கமும் ஏச்சும் அடியும் வாங்கிக்கொண்டு கடந்து போவது. கான்ட்லெட் என்றால் இரும்புக் கையுறை என்று ஒரு அர்த்தம் உண்டு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சுவீடன் நாட்டுச் சொல்லான காட்லோப்பு, அதாவது சந்து ஓட்டம், ஆங்கிலேயர் வாயில் சிதைந்து இப்படி ஆனது. இரண்டு வரிசையாகச் சிப்பாய்கள் நிற்க, தண்டனை பெற்றவன் நடுவே ஓட வேண்டும், இரு பக்கமும் அடி விழும்.

கட் அண்ட் ரன்: நங்கூரத்தை இழுக்கக்கூட நேரமில்லாமல் கயிற்றை வெட்டிவிட்டுக் கப்பல் கிளம்புவது. இப்போது பொறுப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நழுவுகிற எவரையும் சொல்லலாம். சீட்டுப் பிடித்துவிட்டுத் தலைமறைவாகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரை ரன்னுக்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத்தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்பு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார்களே, அது. ஒத்திகை என்று போடுவதைவிட இது பொருத்தம், அதில் ஓட்டமும் இருக்கிறது. ஆபீஸ் கடிதத்தில் துணிந்து எழுதுங்கள்.

இன் த லாங் ரன் என்பதை "நீண்ட ஓட்டத்தில்" என்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு அது பல்லில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும். போகப்போக என்று ஒரு சொல் நம்மிடம் சும்மாதான் கிடக்கிறது.

பழமொழிகளிலும் ரன் வருகிறதா?

வருகிறது. ரன் வித் த ஹேர் அண்ட் ஹன்ட் வித் த ஹவுண்ட்ஸ்: முயலோடு சேர்ந்து ஓடுவது, வேட்டை நாயோடு சேர்ந்து அதே முயலைத் துரத்துவது. நம்மூர் விலாங்கு மீன் வேலை, பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது.

ஸ்டில் வாட்டர்ஸ் ரன் டீப்: சலனமில்லாத தண்ணீர் ஆழமாக ஓடும். அமைதியாக இருப்பவரைக் குறைவாக எடைபோடாதே என்பது கருத்து. நிறைகுடம் தளும்பாது என்று பலரும் எழுதுவார்கள், தப்பில்லை. ஆனால் எனக்கு ஔவையாரின் மூதுரைதான் நெருக்கமாகப் படுகிறது: "ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி இருக்குமாம் கொக்கு." அடக்கமாக இருப்பவரை அறிவில்லாதவர் என்று நினைத்து வெல்லப் பார்க்காதே என்பதற்குத்தான் அந்தக் கொக்கு அங்கே நிற்கிறது. தண்ணீரும் இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது.

தண்ணீர் என்றதும் ஒரு மாணவி, "டீச்சர், வைகை ரன்ஸ் த்ரூ மதுரைன்னு எழுதலாமா?" என்று கேட்டாள். எழுதலாம், ஆறு ஊர் வழியாகப் போகிறது என்பதற்கு ரன்ஸ் த்ரூ சரியான பிரயோகம். "தண்ணியே இல்லாட்டியும் ரன்தானா?" ஆமாம், பாதை இருந்தால் போதும், ரோடும் ரன் ஆகும், வேலியும் ரன் ஆகும். வற்றிப்போனதைச் சொல்ல ரன் ட்ரை. ஆக, த வைகை ரன்ஸ் த்ரூ மதுரை, அண்ட் ஆஃபன் ரன்ஸ் ட்ரை. அழகர் இறங்குவதற்கு அணையில் தண்ணீர் திறந்துவிடும் சில நாட்களுக்கு மட்டும் பின்பாதியை அழித்துக்கொள்ளுங்கள்.

"ரன்னிங் பஸ்ல ஏறாதே", "ரன்னிங் ரேஸ்", "ட்வென்டி சிக்ஸ் ரன்னிங்"... இவை தப்பா?

தமிழுக்குள் இருக்கும்வரை தப்பே இல்லை. இவை நம் சொற்கள் ஆகிவிட்டன. ஆங்கிலம் பேசும்போது மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள். ஓடுகிற பஸ் மூவிங் பஸ். ஓட்டப்பந்தயம் வெறும் ரேஸ் போதும். மூக்கொழுகலை ரன்னிங் நோஸ் என்கிறோமே, அது ரன்னி நோஸ்.

வயசு விஷயம் சுவாரசியம். "பொண்ணுக்கு இருபத்தஞ்சு முடிஞ்சு இருபத்தாறு நடக்குது" என்போம். ஆங்கிலத்துக்குப் போகும்போது நாமே நடக்கிறதை ரன்னிங் ஆக்கிவிட்டோம். ஹோட்டல் நடத்துவது ரன் என்றால் வயசு நடப்பதும் ரன்தானே என்று யாரோ ஒரு புத்திசாலி கணக்குப் போட்டிருக்கிறார். கணக்கு சரிதான், விடைதான் தப்பு. ஷி இஸ் இன் ஹர் ட்வென்டி சிக்ஸ்த் இயர் என்று சொல்லலாம். ஷி இஸ் ட்வென்டி ஃபைவ் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

ரன், ரேன், ரன். மூன்றாவது மறுபடியும் ரன்னா?

ஆமாம். ஐ ரன், ஐ ரேன், ஐ ஹேவ் ரன். ஐ ஹேவ் ரேன் தப்பு.

கரன்ட் என்பதில் உள்ள ரன்னும் இதுவும் ஒன்றா?

இல்லை, ஒலி மட்டும்தான் ஒன்று. ஆனால் நல்ல கேள்வி. கரன்ட் லத்தீன் மொழியின் குர்ரெரே என்ற சொல்லிலிருந்து வந்தது, அதற்கும் ஓடுவது என்றுதான் அர்த்தம். கூரியர், காரிடார், கர்சர், கோர்ஸ் எல்லாம் அதே வயிற்றுப் பிள்ளைகள். தமிழில் கரன்ட்டுக்கு மின்னோட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அதே ஓட்டம்தான் நீரோட்டத்திலும் தேரோட்டத்திலும் இருக்கிறது. கண்ணோட்டத்தில்கூட இருக்கிறது. இன்றைக்குப் பார்வை, கோணம் என்று அதைப் பயன்படுத்துகிறோம். திருக்குறளில் 58ஆம் அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம், அங்கே அதற்கு இரக்கம் என்று அர்த்தம். ஒருவர் மேல் கண் ஓடினால் மனசும் கூடவே ஓடும் என்று நினைத்திருக்கிறார்கள். 645ஐப் பார்த்து மலைக்கிறவர்கள் ஓட்டம் என்று முடிகிற தமிழ்ச் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், சீக்கிரத்தில் பேனாவை வைக்க மாட்டீர்கள்.

"ஐ ஹேவ் டு ரன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் மரியாதைக் குறைவா?

இல்லை. நேரமாச்சு, கிளம்புகிறேன் என்று அர்த்தம். யாரும் ஓட வேண்டியதில்லை. தெரிந்தவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம், மேலதிகாரியிடம் ஐ ஹேவ் டு லீவ் நவ் என்பது உத்தமம். ரன் அலாங் மட்டும் வேண்டாம். அது சின்னப் பிள்ளைகளைப் "போ, போய் விளையாடு" என்று அனுப்புவது.

இந்தக் கேள்வியைக் கேட்டவரும் அதே உசிலம்பட்டித் தம்பிதான். எட்டு மணி ஆகிவிட்டது, அவர் ஆரப்பாளையம் போய் பஸ் பிடிக்க வேண்டும். பதிலைக் கேட்டுக்கொண்டே பையை மாட்டினார், "ஐ ஹேவ் டு ரன், டீச்சர்" என்றார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "போயிட்டு வர்றேன் டீச்சர்" என்றும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.